பாட்டு கிடைச்சாச்சு, வாசிச்ச ஆளைக் காணோம்

போன மாதம் எங்கள் சின்ன தாத்தாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். அம்மாவுக்குச் சித்தப்பா. கிளாரினெட் வாசித்தவர். 1967-லிருந்து 1984 வரை கோடம்பாக்கத்தில் சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் கல்யாணக் கச்சேரி, சர்ச் நிகழ்ச்சி என்று கொஞ்ச காலம். கடைசிப் பத்து வருஷம் ஒன்றுமில்லை, ஈஸி சேர்தான்.

சாப்பாடு முடிந்து பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம். மாமா பையன் போனில் ஒரு பழைய பாட்டைப் போட்டான். நடுவில் ஒரு பத்து செகண்ட் கிளாரினெட் வரும்.

"இது தாத்தாதான்டா."

"இல்லடா, இது வேற ஆளு. சித்தப்பா இதுக்கு வாசிச்சதே இல்ல" என்றார் பெரிய மாமா.

"அவர்தாங்க. எங்கிட்டயே ஒரு தடவ சொல்லியிருக்காரு" என்று அத்தை உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

கடைசியில் சின்ன பாட்டியையே கேட்டோம். "வாசிச்சிட்டு வந்தா பணத்த எங்கையில குடுப்பாரு. எந்தப் பாட்டு, எந்தப் படம்னு நான் என்னத்தக் கண்டேன்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

நான் போனை வாங்கிப் பார்த்தேன். பாடியவர் பெயர் இருந்தது. இசையமைப்பாளர் பெயர் இருந்தது. கம்பெனி பெயர் இருந்தது. பக்கத்தில் பெருமையாக 'டிஜிட்டலி ரீமாஸ்டர்ட்'. வருஷம் 2014 என்று போட்டிருந்தது. 2014-ல் சின்ன தாத்தா கண் ஆபரேஷன் செய்துகொண்டு கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். பாட்டு எனக்குத் தெரிந்து அதற்கு நாற்பது வருஷமாவது முந்தையது.

பழைய பாட்டைத் தேடிப்பிடித்து, தூசி தட்டி, கீறல் சத்தமெல்லாம் எடுத்து, பளபளவென்று மறுவெளியீடு செய்திருக்கிறார்கள். வாசித்த ஆளைத்தான் காணோம். அன்றைக்கு வந்த கடுப்பில்தான் இதை எழுதுகிறேன். பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. திட்டுபவர்கள் அப்புறம் திட்டுங்கள் :-)

நான் ஒரு ஜாஸ் பைத்தியம் என்பது கிளாஸ் மக்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு: தரமணியில் வீடு, பி.காம். மூன்றாம் வருடம். ஜாஸ் எனக்கு வந்தது பரம்பரைச் சொத்தாக இல்லை. வேளச்சேரியில் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது ஒரு பை நிறைய சிடிக்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டுப் போனார். அந்தப் பையை நான் எழுபது ரூபாய்க்கு வாங்கினேன். அதில் ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெயின்' இருந்தது. முதலில் கேட்டபோது ஒன்றும் புரியவில்லை. எம்.ஆர்.டி.எஸ். ரயிலில் கூட்டத்துக்கு நடுவில் பத்தாவது தடவை கேட்டபோது புரிந்த மாதிரி இருந்தது.

ஆனால் முதல் நாளே என்னை மடக்கியது அந்த உறைக்குள் இருந்த சின்னப் புத்தகம். 1957 செப்டம்பர் 15-ம் தேதி, நியூ ஜெர்ஸியில் ஹாக்கன்சாக் என்ற ஊரில், ரூடி வான் கெல்டர் என்கிற ஒலிப்பதிவாளரின் ஸ்டூடியோவில் பதிவு செய்தது. டிரம்பெட் லீ மார்கன். டிராம்போன் கர்ட்டிஸ் ஃபுல்லர். பியானோ கென்னி ட்ரூ. பாஸ் பால் சேம்பர்ஸ். டிரம்ஸ் ஃபில்லி ஜோ ஜோன்ஸ். ஆறு பேர் வாசித்தார்கள், ஆறு பேருக்கும் பெயர் இருக்கிறது. பால் சேம்பர்ஸ் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆல்பத்துக்குப் போனேன், அங்கே இன்னொரு பெயர், அங்கிருந்து இன்னொன்று. ஜாஸ் கேட்பவன் ஊரைத் தெரிந்துகொள்வதே இப்படித்தான். பெயர்தான் பஸ் ரூட்.

அந்தப் பழக்கத்தோடு நம்ம ஊர் மறுவெளியீடுகளுக்கு வந்தால் நெஞ்சு எரிகிறது. 'காலத்தால் அழியாத', 'தேனினும் இனிய', 'பொற்காலப் பாடல்கள்' என்று உறையில் அடைமொழி மட்டும் அடுக்கடுக்காக இருக்கும். எப்போது பதிவானது? தெரியாது. எங்கே? தெரியாது. அந்த வீணை யார், அந்த மாண்டலின் யார், அந்த அக்கார்டியன் யார்? தெரியாது. கர்நாடக சங்கீத சிடிக்களிலேயே பல தடவை பக்கவாத்தியத்துக்குப் பெயர் இருக்காது. அந்த வயலின் மட்டும் என்ன தானாகவா வாசித்துக்கொண்டது?

என் கட்சி இதுதான்: யார், எப்போது, எங்கே என்று சொல்லாத மறுவெளியீடு, மீட்பு கிடையாது. முதல் தடவை தட்டு தொலைந்தது. இரண்டாம் தடவை, தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஆளைத் தொலைக்கிறார்கள். இரண்டாவதுதான் மோசம். ஏனென்றால் அதற்கப்புறம் யாரும் தேடமாட்டார்கள். அதான் கிடைச்சிடுச்சே!

'பெயர் எழுதினா என்ன, எழுதாட்டி என்ன, பாட்டு கேக்குதுல்ல' என்பவர்களுக்கு இரண்டு கதை சொல்கிறேன்.

ஒன்று. 1957 நவம்பர் 29, நியூயார்க் கார்னகி ஹால். தெலோனியஸ் மாங்க் குழுவில் கோல்ட்ரேன் வாசிக்கிறார். 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலி அதைப் பதிவு செய்தது. பிறகு அந்த டேப் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் போய்த் தூங்கிவிட்டது. அந்த இரண்டு பேரும் சேர்ந்திருந்தது சில மாதங்கள்தான், நல்ல பதிவு மிகக் குறைவு என்று ரசிகர்கள் ஏங்கிக்கொண்டிருந்தார்கள். 2005-ல் லாரி ஆப்பிள்பாம் என்கிற நூலக ஊழியர் பழைய டேப்புகளை டிஜிட்டலுக்கு மாற்றும் வேலையில் இருந்தபோது, ஒரு பெட்டியில் கையெழுத்தில் 'டி. மாங்க்' என்று இருந்ததைப் பார்த்தார். அவ்வளவுதான் க்ளூ. ஏதோ ஒரு புண்ணியவான் பேனாவை எடுத்து எழுதி வைத்த அந்தப் பெயரால் ஜாஸ் வரலாற்றில் ஒரு பெரிய ஓட்டை அடைபட்டது. அவர் சோம்பல் பட்டிருந்தால்?

இரண்டு. இது நம்ம நாட்டுக் கதை. சரண்ஜித் சிங் என்று ஒரு பம்பாய் சினிமா ஆர்க்கெஸ்ட்ரா கலைஞர். 1982-ல் சிந்தசைஸரையும் டிரம் மெஷினையும் வைத்துக்கொண்டு 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று ஒரு எல்.பி. போட்டார். ஒருவரும் சீண்டவில்லை. 2002-ல் எடோ பவ்மன் என்கிற டச்சுக்காரர் டெல்லியில் ஒரு கடையில் அந்தத் தட்டைப் பார்த்து வாங்கினார். கேட்டுவிட்டு ஆடிப்போனார். பிற்பாடு வெளிநாட்டில் பிரபலமான 'ஆசிட் ஹவுஸ்' இசை மாதிரியே இருக்கிறதே, அதற்கு முன்னாடியே எப்படி என்று! தேடிக்கொண்டு பம்பாய் போனார், ஆளைப் பிடித்தார். 2010-ல் தட்டு மறுபடி வெளியானது. அந்த வயதான மனிதர் ஐரோப்பாவில் போய் மேடையேறி வாசித்தார். 2015-ல் இறந்தார், ஆனால் கைத்தட்டலைக் கேட்டுவிட்டு இறந்தார்.

எப்படி முடிந்தது? உறையில் அவர் பெயர் இருந்தது. அதே சரண்ஜித் சிங் எத்தனையோ இந்திப் பாட்டுகளில் பெயரில்லாமல் வாசித்தவர்தான். அந்தப் பாட்டுகளை மட்டும் கேட்டு ஒருவராலும் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க முடியாது.

பெயரை விழுங்குவது புதுப் பழக்கம் இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். 1949-ல் 'மஹல்' படப் பாட்டுத் தட்டு வந்தபோது பாடியவர் பெயராக லேபிளில் இருந்தது 'காமினி'. அது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர். பாடியவர் லதா மங்கேஷ்கர்! லதாவுக்கே அந்த கதி. வேடிக்கை என்னவென்றால், அதற்கு 47 வருஷம் முன்னால் நிலைமை கொஞ்சம் தேவலாம். 1902-ல் ஃப்ரெட் கைஸ்பெர்க் லண்டனிலிருந்து கல்கத்தா வந்து பதிவு செய்தபோது, கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று குரல் கொடுத்து முடிப்பார். தட்டு அச்சாவது ஜெர்மனியில். அங்கே இருப்பவர்களுக்கு இது யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே, அதற்காக. தொழிற்சாலை வசதிக்காகச் செய்த காரியம், 120 வருஷம் கழித்தும் அந்த அம்மாவின் பெயரை யாராலும் பிரிக்க முடியாதபடி பாட்டோடு ஒட்டிவிட்டது. மறுவெளியீடு செய்பவன் நினைத்தாலும் அழிக்க முடியாது. சபாஷ்!

விவரம் இல்லாமல் போனால் பெயர் மட்டும் போவதில்லை, பாட்டே கெட்டுப்போகும். '78 ஆர்.பி.எம்.' என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, ஆரம்ப காலத் தட்டுகள் எல்லாம் சரியாக 78-ல் பதிவானவை இல்லை. பழைய கொலம்பியா தட்டுகளில் 80 என்றே இருக்கும். சில இன்னும் மெதுவானவை. 74-ல் பதிவான தட்டை 78-ல் ஓட்டினால் வேகம் ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடும். சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிவிடும். சுருதிதான் உயிர் என்று சொல்கிற சங்கீதத்தில் அரைக்கட்டை! பாடியவர் எந்தக் கட்டையில் பாடுவார், எந்த வருஷப் பதிவு என்கிற விவரம் இருந்தால்தான் வேகத்தைச் சரி செய்ய முடியும். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' என்ற உலகப் புகழ் ஆல்பத்திலேயே இந்தக் கோளாறு இருந்தது. 1959 மார்ச் 2-ம் தேதி பதிவான மூன்று உருப்படிகளும் டேப் மெஷின் மெதுவாக ஓடியதால் தட்டில் சுருதி ஏறிக் கேட்டன. 1992 மறுவெளியீட்டில்தான் திருத்தினார்கள். அதை அறிவித்துவிட்டுத் திருத்தினார்கள். மறுவெளியீடு என்றால் அது. நம்ம ஆட்கள் எக்கோவைக் கூட்டி 'ஸ்டீரியோ எஃபெக்ட்' கொடுப்பதை மறுவெளியீடு என்கிறார்கள்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? பிசினஸ் லா படிக்கிற சாக்கில் 1957 காப்பிரைட் சட்டத்தைப் புரட்டினேன். மக்களே, கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள்.

பிரிவு 52ஏ. ஒலிப்பதிவை வெளியிடுபவர் தட்டிலும் உறையிலும் மூன்று விஷயம் போட்டே ஆக வேண்டும். பதிவைத் தயாரித்தவர் பெயர், விலாசம். காப்பிரைட் உரிமையாளர் பெயர், விலாசம். முதலில் வெளியான வருஷம். அதாவது முதலாளி பெயர் கட்டாயம், முதலாளி விலாசம் கட்டாயம். வாசித்தவன் பெயர்? அந்தப் பட்டியலிலேயே கிடையாது! முதலில் வெளியான வருஷமாவது கட்டாயமாக இருக்கிறதே என்று பார்த்தால், அதற்குத்தான் நம்ம போன் 2014 என்கிறது.

அடுத்து 2012 திருத்தம். கலைஞர்களுக்கு 'என்னை அடையாளம் காட்டு' என்று கேட்கும் உரிமை வந்தது, நல்ல விஷயம். ஆனால் 'பெர்ஃபார்மர்' என்றால் யார் என்ற விளக்கத்தில் ஒரு வாலை ஒட்டியிருக்கிறார்கள். சினிமாவில் ஒருவருடைய பங்கு போகிறபோக்கில் வருவதாக இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டில் உட்பட எங்கேயும் அவர் பெயர் போடப்படவில்லை என்றால், அவர் பெர்ஃபார்மர் ஆகமாட்டார். வாசிப்பைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமை மட்டும் மிச்சம். பத்து செகண்ட் கிளாரினெட் 'போகிறபோக்கில்' வருமா வராதா என்று வக்கீல்கள் வாதாடட்டும். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: பெயர் போடாததால் நீ கலைஞன் இல்லை, கலைஞன் இல்லாததால் பெயர் கேட்க முடியாது. எவ்வளவு அழகான வட்டம்! தட்டு மாதிரியே சுற்றுகிறது.

"பழைய ரெக்கார்டே இல்லப்பா, எங்க போய் பேர் கண்டுபிடிக்கிறது" என்பார்கள். நாற்பது பேர் வாசித்த பாட்டுக்கு நாற்பது பேருக்கும் கேட்கவில்லை. தெரிந்ததைப் போடு, தெரியாததைத் 'தெரியவில்லை' என்று போடு. 'கிளாரினெட்: தெரியவில்லை' என்று ஒரு வரி இருந்தால்கூட, யாராவது ஒரு பேரன் 'எனக்குத் தெரியும்' என்று கை தூக்குவான். காலி இடம் இருந்தால்தானே நிரப்ப முடியும்?

"செலவு" என்பார்கள். காகித உறை காலத்தில் சொல்லியிருந்தால் ஒத்துக்கொள்வேன். திரையில் நாலு வரி கூட எழுதுவதற்கு என்ன செலவு? அந்தக் காகிதக் காலத்திலேயே ஏ.ஆர். ரஹ்மான் கேசட் உறையில் வாத்தியக்காரர்கள், ஒலிப்பதிவாளர்கள் பெயரை எல்லாம் போட்டுக்காட்டினார். அதே சென்னை, அதே தொழில். மனசு இருந்தால் உறையில் இடம் இருக்கும்.

"அமெரிக்காவில் மட்டும் ஒழுங்கா?" என்று கேட்டால், இல்லை. மோட்டவுன் கம்பெனியின் எத்தனையோ சூப்பர் ஹிட் பாட்டுகளுக்கு வாசித்த 'ஃபங்க் பிரதர்ஸ்' குழுவின் பெயர் 1971-ல் மார்வின் கேயின் ஆல்பம் வரும் வரை உறையில் வரவில்லை. 2002-ல் அவர்களைப் பற்றி ஆவணப்படம் வந்தபோது குழுவில் பல பேர் உயிரோடு இல்லை. பெயர் போட்ட ஜாஸ்காரர்களிலும் எத்தனையோ பேர் கையில் காசில்லாமல்தான் செத்தார்கள். பெயர் சோறு போடாது. ஆனால் பெயர் இல்லாவிட்டால் சோறு கேட்டுப் போகக்கூட முடியாது.

இப்போது நம்மிடம் வருவோம். சேகரிப்பாளர்கள் என்று சொல்லிக்கொள்கிற நாம். "என்கிட்ட அந்த எல்.பி. ஒரிஜினல் இருக்கு", "என் ஹார்ட் டிஸ்கில் 40,000 பாட்டு இருக்கு" என்று பீற்றிக்கொள்கிற நாம். அதில் எத்தனை பாட்டுக்கு வருஷம் தெரியும்? அக்கவுண்டன்சியில் இதற்குப் பெயர் ஸ்டாக் எடுக்காத குடோன். என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். பத்தாவது படிக்கும்போது வீட்டிலிருந்த கேசட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். மாற்றிவிட்டு, 'இடத்தை அடைக்குது' என்று உறைக் காகிதங்களை மொத்தமாகக் குப்பையில் போட்டேன். ரஹ்மான் கேசட் உறைகள் உட்பட. மேலே அவரைப் பாராட்டி எழுதியபோது கை கூசியது.

நான் குப்பையில் போட்டதைத்தான் ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கப் பொறுக்கிச் சேர்த்தார். காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் இருந்த ரோஜா முத்தையா. தொழில், பெயர்ப்பலகை எழுதுவது. புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை வரை சேர்த்தார். 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, நாடு கடத்தாமல் சென்னையிலேயே 1994-ல் நூலகமாக்கியது. இன்றைக்கு அது எங்கள் ஏரியாவில், தரமணி சி.பி.டி. வளாகத்துக்குள் இருக்கிறது. அதன் வழியாகத்தான் வருஷக்கணக்காக ஷேர் ஆட்டோ பிடிக்கப் போனேன், எட்டிப்பார்த்ததில்லை. அந்த ஒரு பக்க நோட்டீஸ்களிலும் நாலணாப் பாட்டுப் புத்தகங்களிலும்தான் பெயரும் தேதியும் உயிரோடு இருக்கின்றன. தட்டைச் சேர்ப்பவன் பாட்டைக் காப்பாற்றுகிறான், காகிதத்தைச் சேர்ப்பவன் ஆளைக் காப்பாற்றுகிறான். இரண்டும் வேண்டும்.

கடைசியாக ஒன்று. காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து, பரண் மேலிருந்த கிளாரினெட் பெட்டியைச் சின்ன பாட்டி இறக்கச் சொன்னார். வாத்தியத்துக்கு அடியில் ஆறு டைரிகள். சின்ன தாத்தா கையெழுத்து. ஒவ்வொரு வரியிலும் தேதி, ஸ்டூடியோ பெயர், காலை அல்லது மாலை, எத்தனை பாட்டு, எவ்வளவு ரூபாய், வந்ததா பாக்கியா. "விஜயா, காலை, 2 பாட்டு, பாக்கி." பதினேழு வருஷத்துக்குச் சுத்தமான கேஷ் புக். எங்கள் ப்ரொஃபசர் பார்த்தால் முழு மார்க் போடுவார். ஆனால் பாட்டின் பெயர் ஒன்றுகூட இல்லை. ரெக்கார்டிங்கில் அவர்கள் முன்னால் இருப்பது நோட்ஸ் காகிதம்தான். எந்தப் படம், என்ன பல்லவி என்று பல நாள் அவர்களுக்கே தெரியாதாம்.

பி.காம். படிப்பவர்களுக்கு இது புரியும். பேங்க் ரீகன்சிலியேஷன் போடும்போது நம்ம புத்தகமும் பேங்க் புத்தகமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதியைப் பார்த்து ஒவ்வொன்றாக டிக் அடிப்போம். இங்கே ஒரு புத்தகம் என் மேஜையில் இருக்கிறது. அதில் தேதி இருக்கிறது, பாட்டு இல்லை. இன்னொரு புத்தகம் கம்பெனிகளிடம் இருக்கிறது. அதில் பாட்டு இருக்கிறது, தேதி இல்லை. டிக் அடிக்கப் பொதுவாக ஒரு காலம்கூட இல்லை. நான் ராயல்டி கேட்கவில்லை. 'இந்தப் பாட்டு இந்தத் தேதியில், இந்த ஸ்டூடியோவில் பதிவானது' என்று மறுவெளியீட்டில் ஒரு வரி போட்டிருந்தால் போதும். அந்தப் பத்து செகண்ட் அவருடையதா இல்லையா என்று பாட்டிக்குச் சொல்லியிருப்பேன்.

ஆகவே மக்களே, உங்கள் தெருவில், உங்கள் சொந்தத்தில் வாசித்தவர்கள், பாடியவர்கள், கோரஸில் நின்றவர்கள் யாராவது இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்காருங்கள். பாட்டைப் போட்டுக்காட்டி யார், எப்போ, எங்கே என்று கேட்டு எழுதி வையுங்கள். பழைய கேசட் உறையைக் குப்பையில் போடாதீர்கள். மறுவெளியீடு வாங்கினால் கம்பெனிக்கு ஒரு மெயில் தட்டுங்கள், 'கிளாரினெட் யாரு சார்?' என்று.

நான் டைரியை எக்ஸெலில் ஏற்ற ஆரம்பித்திருக்கிறேன். 1971 வரை வந்திருக்கிறேன். பாட்டு என்று ஒரு காலம் போட்டிருக்கிறேன். இதுவரை எல்லாமே காலி.